மலைப் புல்லும் பவானி நீரும்



வரலாறு என்று சொன்னவுடன் அரசர்களும் போர்களும் ஆண்டுகளும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. பல ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கும் அவையே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மரத்திற்கும் புல்லுக்கும் வரலாறு உண்டு. ஓடைக்கும் ஊற்றுக்கும் வரலாறு உண்டு. நீலகிரி மலையின் உச்சியில் இருநூறு ஆண்டுகளாக நடந்து வந்த ஒரு மாறுதலையும், அந்த மாறுதல் மலையடிவாரத்திற்கு அப்பால் வாழும் நம்முடைய நீரை எங்ஙனம் பாதித்தது என்பதையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எனது ஊர் குன்னத்தூர். வடக்கே பவானி ஆறு. தெற்கே நொய்யல் ஆறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் எங்கள் ஊர் உள்ளது. மழை குறைந்த நாடு. கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த நாடு. இன்று காலை வேளையில் எங்கள் ஊர்ச் சாலையில் நின்று பார்ப்பீர்களாயின், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை வரிசையாகக் காணலாம். உழவுத் தொழிலிலிருந்து நூல் தொழிலுக்கு மாறிய ஊர்களுள் எங்களூரும் ஒன்று. தொழில் மாறியதே தவிர, நீரின் தேவை மாறவில்லை. திருப்பூர் மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பகுதி மேட்டுப்பாளையத்தில் பவானியிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே நீலகிரி மலைமேல் நிகழ்வது வேறு யாருக்கோ நிகழ்வது அன்று.

இவ்வரலாற்றைக் கூறுமுன் என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்ந்த காலத்தில், ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் வன மகோத்சவம் கொண்டாடுவோம். மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் 1950-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த நல்ல வழக்கம் அது. கன்றுகள் வண்டியில் வந்து இறங்கும். பிள்ளைகள் குழி தோண்டுவார்கள். நான் சிறு சொற்பொழிவு ஆற்றுவேன். “மரம் வளர்த்தால் மழை பெருகும், மழை பெருகினால் நீர் பெருகும்” என்பதே அச்சொற்பொழிவின் சாரம். வந்த கன்றுகளில் பெரும்பாலானவை தைல மரக் கன்றுகள். அவை விரைவாக வளரும், ஆடு கடிக்காது என்பதால் எங்களுக்கு மகிழ்ச்சி. எந்த மரம், எந்த மண், எந்த இடம் என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை. வேறு எவரும் கேட்கவில்லை.

1994-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளை உதகைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். பைக்காரா செல்லும் சாலையில், வானளாவ நின்ற கற்பூர மரங்களின் அடியில் பேருந்தை நிறுத்தினோம். தைல மரத்தை அம்மலை மக்கள் கற்பூர மரம் என்றே அழைப்பர். அங்கே காரட் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “இந்த மரமெல்லாம் வராத முன்னே இந்தச் சரிவெல்லாம் புல்லுதான் கண்ணு. அப்போ சித்திரையிலும் இங்கே ஊற்று ஓடும்” என்று பிள்ளைகளிடம் கூறினார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடனே என்னிடம் வந்து, “ஐயா, மரம் வைத்தால் தண்ணீர் பெருகும் என்று நீங்கள் சொன்னீர்கள். மரம் வந்ததால் தண்ணீர் போயிற்று என்று இந்தப் பாட்டி சொல்கிறார். எது சரி?” என்று கேட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. “படிக்காதவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்காதே” என்று கூறி அவளை ஏற்றிவிட்டேன். அவள் வினாவிற்கு உரிய விடையைப் பின்னாளில்தான் தேடிப் படித்தேன். அவ்விடையே இன்றைய பேச்சு.

மரம் மழையைத் தரும் என்னும் கருத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். காட்டையும் மழையையும் சேர்த்து எண்ணுவது உலகெங்கும் உள்ள பழைய நம்பிக்கை. அதனை அறிவியல் வடிவில் பரப்பியவர்களுள் தலைமையானவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். அவர் 1800-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டில் வலென்சியா ஏரியைக் கண்டார். ஏரி நீர் குறைந்து வந்தது. சுற்றுப்புறக் காடுகளை அழித்ததே அதற்கு முதன்மையான காரணம் என்று அவர் எழுதினார். அக்கருத்து நம் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர், மரங்கள் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தின்மீது செலுத்தும் செல்வாக்கைப் பற்றி 1849-ஆம் ஆண்டில் சென்னையில் கட்டுரை வெளியிட்டார். பஞ்சத்திற்கு அஞ்சிய அக்கால அரசினர் இதனைக் கருத்தூன்றிக் கேட்டனர். 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்க ஹியூ கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டார். 1882-ஆம் ஆண்டில் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது.

இவர்கள் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. பழங்காடு அழிந்த மலைச்சரிவில் மழை விழுந்தால் மண் கரைந்தோடும். வெள்ளம் ஒரே நாளில் பாய்ந்து மறுநாள் ஓடை வறண்டு கிடக்கும். ஆனால் “காட்டை அழிக்காதே” என்னும் அறிவுரை ஒன்று. “எங்கும் எந்த மரத்தையாவது நடுக” என்னும் கட்டளை வேறொன்று. முன்னது பின்னதாகத் திரிந்த கதைதான் நீலகிரியின் கதை.

நீலகிரியின் உச்சிப் பீடபூமி எவ்வாறு இருந்தது? 1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய காலத்தில், அங்கே இடையறாத பெருங்காடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் போர்த்த மேடுகள். இரு மேடுகள் கூடும் பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சிறு காடுகள். அவற்றைச் சோலை என்பர். சோலையின் மரங்கள் ஓங்கி வளர்வன அல்ல. முறுக்கிய கிளைகளும் பாசி படர்ந்த தண்டுகளும் உடையவை. மிக மெல்ல வளர்பவை. நாவல் இனத்து மரங்கள் பல அங்கே உண்டு. சோலையை ஒட்டிய தாழ்வுகளில் சதுப்பு நிலங்கள். அவற்றிலிருந்து கண்ணாடி போன்ற ஓடைகள் புறப்பட்டுச் சென்றன. புல்வெளியில் வரையாடு மேய்ந்தது; தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தது.

மலைக்கு வந்த ஆங்கிலேயர்க்கு இந்நிலம் தங்கள் நாட்டு மேய்ச்சல் மேடுகளை நினைவூட்டியது. அதனால் மகிழ்ந்தனர். ஆனால் வருவாய்க் கணக்கு எழுதும்போது புல்வெளியைத் தரிசு என்று எழுதினர். ஒரு காலத்தில் எங்கும் காடாக இருந்து, மனிதர் வெட்டியும் எரித்தும் புல்லானது என்று அவர்களுள் பலர் கருதினர். காலியான நிலம் என்று எண்ணிவிட்டால், அதில் எதையேனும் நிரப்ப வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதானே!

நிரப்புவதற்கு நெருக்கடியும் இருந்தது. சல்லிவன் 1823-ஆம் ஆண்டு முதல் ஓடையைத் தடுத்து உதகை ஏரியை அமைத்தார். நகரம் வளர்ந்தது; வெலிங்டனில் படை முகாம் எழுந்தது; காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சின்கோனாத் தோட்டமும் பரவின. குளிர் மிகுந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் விறகு எரிந்தது. அருகிலுள்ள சோலைகள் அடுப்புக்குப் போயின. மெல்ல வளரும் சோலை மரம் மீண்டும் தலையெடுக்க ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது. ஆகவே விரைவில் வளரும் மரத்தைத் தேடினர். 1830-களில் ஆஸ்திரேலிய வேலமரமான வாட்டில் மலைக்கு வந்தது. அதனை நம்மவர் சீகை மரம் என்பர். 1843-ஆம் ஆண்டில் காட்டன் என்னும் படைத்தலைவர் நீல கம் என்னும் தைல மரத்தைக் கொண்டுவந்தார். டாஸ்மேனியாத் தீவைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் நீலகிரியின் மண்ணில் தாயகத்தினும் செழித்தது போலத் தோன்றியது. அதன் இலையிலிருந்து வடித்த எண்ணெய்க்கு நாம் நீலகிரித் தைலம் என்றே பெயர் சூட்டிவிட்டோம்! பெயர் நம்முடையது, மரம் அயலது.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இம்மரங்கள் பெரும்பாலும் நகரங்களைச் சூழ்ந்தே நின்றன. மலைமேல் பரந்த புல்வெளிகள் பெருமளவில் மாறியது விடுதலைக்குப் பின்னரே. இதனை நாம் மறைக்கலாகாது. எல்லாக் குறைகளையும் வெள்ளைக்காரர் தலையில் ஏற்றிவிடுவது வரலாறு ஆகாது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் நாட்டுக்குக் காகிதம் வேண்டும், செயற்கைப் பட்டு நூல் வேண்டும், தோல் பதனிட மரப்பட்டை வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. தைல மரத்தின் கூழிலிருந்து காகிதமும் ரேயான் நூலும் செய்யலாம்; சீகைப் பட்டையிலிருந்து தோல் பதனிடும் சாறு எடுக்கலாம். 1960-களில் பவானிக் கரையில் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஒன்று எழுந்தது. குந்தா முதலிய பகுதிகளின் புல்மேடுகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நடப்பட்டன. அவ்வேலையில் ஈடுபட்டவர்கள் நாட்டுக்கு நன்மை செய்வதாகவே நம்பினர். வெற்று நிலத்தைப் பசுமையாக்குகிறோம் என்று பெருமையும் கொண்டனர். பிற்காலத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. நட்ட மரங்களோ நின்றன. சீகை நின்றது மட்டுமன்று, நட்ட எல்லையைத் தாண்டியும் பரவியது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீப்பட்டாலோ நிலம் கிளறப்பட்டாலோ முளைத்தெழும் இயல்புடையது. மேற்கு மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகளில் 1973-க்கும் 2017-க்கும் இடையே ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அயல் மரங்களுக்கு இரையாயிற்று என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இனி நீரின் கதைக்கு வருவோம். நீலகிரி ஓடைகளின் பயனை நம் பகுதி நேரடியாக உணர்ந்தது 1932-ஆம் ஆண்டில். அவ்வாண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து குழாய் வழியே விழுந்த நீர் மின்சாரமாகிக் கோயமுத்தூருக்கு வந்தது; பஞ்சாலைகள் பெருகின. இன்று திருப்பூரில் ஓடும் பின்னல் எந்திரங்களுக்கெல்லாம் முன்னோடி அந்தப் பஞ்சாலைகளே. எனவே நம் நூல் தொழிலின் தொடக்கத்தில் பைக்காராவின் புல்மேட்டிலிருந்து வடிந்த ஓடை நீர் இருக்கிறது. பின்னர் 1955-ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை நிறைவு பெற்றது. அங்கே பவானியும், பைக்காராப் பக்கத்திலிருந்து இறங்கும் மோயாறும் கூடுகின்றன. ஏறத்தாழ 33 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அவ்வணை, கீழ்பவானி வாய்க்கால் வழியே இரண்டு இலட்சத்து ஏழாயிரம் ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது.

மின்சாரத்திற்கும் பாசனத்திற்கும் மலை ஓடையே ஆதாரம் என்றால், அந்த ஓடையின் பிறப்பிடத்தில் மரம் நடுவதால் நீர் கூடுமா, குறையுமா? இதனை வாதத்தால் தீர்க்க முடியாது. அளந்துதான் தீர்க்க வேண்டும். உதகையிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வாறு அளந்தனர். அந்த ஆய்வு நடந்த இடம் கிளென்மார்கன். பைக்காரா மின்திட்டத்தை அடுத்த மேட்டு நிலம்.

அவர்கள் செய்த முறை எளியது, பொறுமை மிகுந்தது. அருகருகே இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் சராசரி 32 எக்டேர், அதாவது ஏறத்தாழ 80 ஏக்கர். இரண்டிலும் ஒரே மழை, ஒரே மண், ஒரே புல்வெளி. ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் ஓடையின் குறுக்கே அளவைச் சுவர் கட்டி, நாள்தோறும் ஓடும் நீரைக் குறித்தனர். 1968 முதல் நான்கு ஆண்டுகள் எதனையும் மாற்றாமல் இரண்டையும் ஒப்பிட்டு, இன்ன மழைக்கு இன்ன அளவு நீர் என்று தெரிந்துகொண்டனர். 1972-ஆம் ஆண்டில் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும், அதன் பரப்பில் நூற்றுக்கு 59 பங்கில், நீல கம் மரத்தை நட்டனர். மற்றதை இயற்கையான புல்வெளியாகவே விட்டனர். பத்தாண்டுகள் கழித்து மரங்களை வெட்டினர். கரும்பில் மறுதாம்பு விடுவது போல, வெட்டிய கட்டைகளிலிருந்து மீண்டும் தழைக்க விட்டனர். மேலும் பத்தாண்டுகள் அளந்தனர்.

முடிவு என்ன? முதல் பத்தாண்டில் மரம் நட்ட பள்ளத்தாக்கின் நீர் 16 விழுக்காடு குறைந்தது. மறுதாம்புப் பத்தாண்டில் அக்குறைவு 25 விழுக்காடாயிற்று. நூறு குடம் நீர் வந்த ஓடையில் முதலில் 84 குடமும், பிறகு 75 குடமும் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நீரோட்டம் இதனினும் மிகுதியாகச் சுருங்கியது என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. ஐப்பசியில் வரும் வெள்ளம் எவருக்கும் வரும். சித்திரையில் வரும் நீர் அல்லவா உயிரைக் காப்பது?

முதல் பத்தாண்டின் முடிவுகள் 1988-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சி இதழில் வெளியாகிவிட்டன. அந்த மூதாட்டி எங்கள் பிள்ளைகளிடம் பேசியது 1994-இல். அவர் கண்ணால் கண்டு கூறியதும், அறிஞர்கள் அளவைச் சுவரில் கண்டு கூறியதும் ஒன்றே. இரண்டையும் அறியாதிருந்தவன் இடையில் நின்ற ஆசிரியனாகிய நான்தான்.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. செடி கொடி யாவும் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக வெளியிடுகின்றன. புல்லின் வேர் ஆழம் குறைந்தது. மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் நீலகிரிப் புல் கருகிக் காய்ந்துவிடும். காய்ந்த புல் நீரைக் குடிப்பதில்லை. மழைக்காலத்தில் மண்ணில் இறங்கிய நீர் அப்படியே மெல்லக் கசிந்து சதுப்புக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும். தைல மரமோ ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்பது, ஆழ வேர் விடுவது, விரைந்து வளர்வது. விரைந்து வளர்வதற்கு அது விலை கொடுக்க வேண்டும். அந்த விலை நீர். புல் உறங்கும் கோடையிலும் அது குடித்துக்கொண்டே இருக்கும். அன்றியும் மழைத்துளியின் ஒரு பகுதி இலைமீதே தங்கி, மண்ணைத் தொடாமலே ஆவியாகிவிடும். அடுத்தடுத்து வெட்டித் தழைக்க விடும்போது, வேர் பழையது, தளிர் புதியது. ஆகவே குடிக்கும் அளவும் கூடுகிறது.

இது நீலகிரிக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தென்னாப்பிரிக்காவிலும் இதே வழக்கு எழுந்தது. அங்கும் புல்லும் புதரும் நிறைந்த மலைகளில் பைன் மரமும் தைல மரமும் நடப்பட்டன. கீழே இருந்த உழவர்கள் ஓடை வற்றுகிறது என்று முறையிட்டனர். 1935-ஆம் ஆண்டில் ஜோங்கர்ஷூக் என்னும் பள்ளத்தாக்கில் ஓடைகளை அளக்கத் தொடங்கினர். முறையிட்ட உழவர் கூற்றே உண்மை என்று தெரிந்தது. 1972-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் புதிதாக மரத்தோட்டம் அமைக்க அரசின் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1995-ஆம் ஆண்டில் அயல் மரங்களை நீக்கி ஓடை நீரைக் காக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கி, ஏழைத் தொழிலாளர்க்கு அதில் வேலையும் கொடுத்தனர்.

இங்கே நான் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். முன்பு “மரம் நட்டால் நீர் பெருகும்” என்று கண்ணை மூடிக்கொண்டு கூறினேன். இப்பொழுது “மரமே நீருக்குப் பகை” என்று கண்ணை மூடிக்கொண்டு கூறினால், ஒரு பிழையை விட்டு மற்றொரு பிழையைப் பற்றியவன் ஆவேன். கர்நாடகத்தில் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்குகிறது. மண் ஆழம் நடுத்தரமாக உள்ள வறண்ட பகுதியில், இளந்தைல மரத்தோட்டமும் இயற்கையான இலையுதிர் காடும் செலவழித்த நீர் ஏறத்தாழ ஒன்றே. பெய்த மழை முழுவதையும் இரண்டும் பயன்படுத்திக்கொண்டன. ஆழமான மண் உள்ள இடத்திலோ, தைல மரம் அவ்வாண்டு மழையைக் குடித்ததோடு நில்லாமல், முன்பே மண்ணில் சேர்ந்திருந்த நீரையும் எடுத்தது. அதே நிலத்தில் கேழ்வரகு விதைத்திருந்தால் பாதியளவு நீரே செலவாகியிருக்கும். ஆகவே ஒரே மரம் ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறுவாறும் நடந்துகொள்கிறது.

பழங்காட்டின் செய்தியும் தனி. இயற்கைக் காடும் நீரைக் குடிக்கத்தான் குடிக்கிறது. ஆனால் பல நூற்றாண்டு இலைச்சருகு மக்கிய அதன் மண், மழையை விரைந்து உள்வாங்கி நெடுநாள் வைத்திருந்து விடுகிறது. அக்காட்டை வெட்டினால், மரம் குடிக்கும் நீர் மிச்சமாகும் என்று கணக்குப் போடக் கூடாது. மாடு மிதித்தும் மழை அடித்தும் மண் இறுகிவிடும். நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். எனவே உள்ள சோலையை வெட்டுவதும் தவறு. உள்ள புல்வெளியில் மரத்தை நிரப்புவதும் தவறு. இரண்டு தவறும் வெவ்வேறாகத் தோன்றினும் அடிப்படை ஒன்றே: அந்த நிலம் தானாக எப்படி இருந்தது என்று கேளாமை.

நீலகிரிப் புல்வெளி உண்மையில் தானாக இருந்ததா, அல்லது மனிதர் காட்டை அழித்ததால் வந்ததா? இவ்வினாவிற்கும் விடை கிடைத்திருக்கிறது. மலைமேலுள்ள சதுப்புகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த கரிமண் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. புல் மக்கிய மண்ணும் மரம் மக்கிய மண்ணும் கரியணுக்களின் வகையால் வேறுபடும். இந்திய அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே புல்வெளி இருந்தது என்பது தெரியவந்தது. குளிர் மிகுந்தபோது புல் பரவியும், ஈரமும் வெப்பமும் மிகுந்தபோது சோலை பரவியும் இரண்டும் மாறி மாறி வாழ்ந்திருக்கின்றன. கோடாரியும் கலப்பையும் அம்மலைக்கு வருமுன்பே அங்கிருந்த புல்லை நாம் தரிசு என்று பெயரிட்டு ஏட்டில் எழுதினோம். அப்பெயரே அதற்குக் கேடாக முடிந்தது.

கொங்கு நாட்டார் இதனை எளிதில் உணர முடியும். நம் காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். வெளியூரார் அதனைக் கண்டால் பயனற்ற பொட்டல் என்று கூறுவர். அதில் மேய்ந்துதான் காங்கயம் காளை உலகப் புகழ் பெற்றது என்பதை நாம் அறிவோம். குறைந்த மழையில் நிற்கக்கூடிய புல்லையும், அதற்குத் தக்க மரத்தையும், தக்க இடைவெளியில் விட்டுவைத்த முன்னோர் நீரின் கணக்கை அறிந்தவர்கள். அவர்கள் பள்ளியில் படிக்காமல் இருந்திருக்கலாம். பாடம் அறியாதவர்கள் அல்லர்.

என் பள்ளியில் நட்ட தைல மரங்களைப் பற்றி நீங்கள் கேட்கலாம். அவை ஓங்கி வளர்ந்தன. அருகிலிருந்த கிணறு சில ஆண்டுகளில் வற்றியது. மரங்களே அதற்குக் காரணம் என்று நான் கூற மாட்டேன், அதே ஆண்டுகளில் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன, மழையும் பொய்த்தது. அந்த மரங்களை வெட்டியபின் அவ்விடத்தில் வேம்பும் புங்கனும் வைத்தோம். இன்று அவை நிழல் தருகின்றன. நிழலுக்காக நட்டோம், நிழல் கிடைத்தது. கிணறு நிறையும் என்று இம்முறை நான் பிள்ளைகளுக்கு வாக்களிக்கவில்லை.

நாட்டின் கொள்கையும் மாறி வந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டிலிருந்து வரும் பொருள் வருவாயைவிடச் சூழலின் நிலைபேறே முதன்மையானது என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் அயல் ஊடுருவல் செடிகளை நீக்கிப் பழைய நிலங்களை மீட்பதற்குத் தனிக் கொள்கை வகுத்தது. ஆயினும் மீட்பது நடுவதைவிடக் கடினம். சீகையை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால், மண்ணிலுள்ள விதைகள் எல்லாம் ஒன்றாக முளைக்கும். வேறு அயற் புதர்களும் புகுந்துவிடும். சில இடங்களில் வளர்ந்த சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே எந்தச் சரிவில் வெட்டுவது, எதனை விடுவது, எந்த நாட்டுப் புல்லை மீண்டும் ஊன்றுவது என்று இடத்திற்கு இடம் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறை அவசரமாகச் செய்ததைப் பல தலைமுறைகள் பொறுமையாகத் திருத்த வேண்டும்.

இறுதியாக நம் ஊருக்கே திரும்புவோம். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொங்கு மக்கள் வேண்டிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஆறு நிலையங்களில் இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம் அது. எங்கள் பகுதிக் குளங்களும் அதனுள் அடங்கும். காய்ந்த குளத்திற்குள் குழாய் வழியே நீர் வருவதைக் காண முதியவர்கள் கூடி நின்றனர், நானும் நின்றேன். அப்போது என் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்தது. இந்தக் குழாய் ஆற்றங்கரையில் தொடங்குவதாகத் திட்டப்படம் காட்டுகிறது. உண்மையில் அது தொடங்குவது மேல்பவானியின் புல்மேட்டில். அங்கே புல்லும் சோலையும் சதுப்பும் மழையைப் பிடித்து மெல்ல விட்டால்தான் கீழே ஆறு ஓடும். ஆறு ஓடினால்தான் உபரி என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

மாணவர்களே, நீங்கள் மரம் நடுங்கள். அதனை நான் தடுக்க மாட்டேன். ஆனால் குழி தோண்டுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது? இம்மரம் எவ்வளவு நீரை, எந்த மாதத்தில் குடிக்கும்? இந்நிலத்து நீரை நம்பிக் கீழே யார் வாழ்கிறார்கள்? விடை தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிடில், அவ்விடத்தில் நெடுநாள் வாழ்ந்தவரிடம் கேளுங்கள்.

1994-இல் அந்த மாணவி கேட்டாள். அவள் வினா சரியான வினா. அந்த மூதாட்டியின் சொல் உண்மையான சொல். அன்று அவளுக்கு நான் விடை கூறவில்லை. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, இந்தப் பேச்சைக் கேட்கிறாளோ, நான் அறியேன். கேட்டுக்கொண்டிருந்தால், அன்று தர வேண்டிய விடையை இன்று அவளுக்குத் தந்ததாகக் கொள்ளட்டும்.